சனிக்கு ஏன் குப்பைமேடு? – ராசி, குணம், சாதி

சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டர் தொங்காத வீட்டை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டு, தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு வார்த்தை இருக்கும். மேஷம் வரவு, ரிஷபம் செலவு, மிதுனம் பயம். கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம்.

இப்போது அந்தத் தாள் செல்போனுக்குள் வந்துவிட்டது. "விருச்சிகம்னா பழிவாங்குற குணம்", "கன்னி ராசிக்காரங்க எதுலயும் குறை கண்டுபிடிப்பாங்க" என்று கல்லூரிப் பிள்ளைகள் ரீல்ஸ் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். நம் கூட்டங்களுக்கு வரும் தோழர்களும் பேசுகிறார்கள். பிறப்பை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தை எதிர்த்துத்தான் நம் இயக்கமே நடக்கிறது. அதே எண்ணம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்போது சிரித்து ரசிக்கிறோம். அதனால் ராசியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

எங்கிருந்து வந்தது?

நட்சத்திரம் வேறு, ராசி வேறு. நட்சத்திரக் கணக்கு இந்தியாவில் மிகப் பழையது. வேத இலக்கியத்திலேயே இருக்கிறது. மேஷம், ரிஷபம் என்ற பன்னிரண்டு ராசிகள் வேதத்தில் இல்லை. வேதாங்க ஜோதிடத்திலும் இல்லை. சூரியன் போகும் பாதையைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரித்தவர்கள் பாபிலோனியர்கள், காலம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில். பிறந்த நேரத்துக் கிரக நிலையை வைத்து ஆளின் குணத்தையும் வாழ்க்கையையும் சொல்லும் முறையை விரிவாக வளர்த்தவர்கள் எகிப்தில் வாழ்ந்த கிரேக்கர்கள். கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் அது இந்தியாவுக்கு வந்தது. அதைச் சமஸ்கிருதத்தில் சொல்லும் பழைய நூல் ஒன்றின் பெயரே 'யவன ஜாதகம்'. யவனர் என்றால் கிரேக்கர்.

கி.பி. 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் தம் 'பிருகத் ஜாதகம்' நூலில் ராசிகளுக்குக் கிரேக்கப் பெயர்களையும் சேர்த்துத் தருகிறார். மேஷத்துக்குக் 'கிரிய', சிம்மத்துக்கு 'லேய', கன்னிக்குப் 'பாதோன'. கிரேக்கத்தில் அவை கிரியோஸ், லியோன், பார்த்தெனோஸ். மிலேச்சர்களே ஆனாலும் இந்தச் சாத்திரம் தெரிந்ததால் யவனர்கள் ரிஷிகளைப் போல மதிக்கப்படுகிறார்கள் என்ற கருத்து அவருடைய 'பிருகத் சம்ஹிதை'யில் இருக்கிறது. கடல் தாண்டினால் தீட்டு என்றவர்கள் கடல் தாண்டி வந்த இந்தச் சரக்கை மட்டும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

வெளியிலிருந்து வந்ததில் தவறு ஒன்றும் கிடையாது. இங்கே வந்தபிறகு அதில் எதைச் சேர்த்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

வானத்திலும் ஊரும் சேரியும்

பிருகத் ஜாதகத்தின் இரண்டாம் அத்தியாயம் கிரகங்களைப் பற்றியது. சூரியனும் சந்திரனும் அரசர்கள். செவ்வாய் தளபதி. புதன் இளவரசன். குருவும் சுக்கிரனும் மந்திரிகள். சனி ஏவலாள். அடுத்து வர்ணம் பிரிக்கப்படுகிறது. குருவும் சுக்கிரனும் பிராமணருக்கு உரியவர்கள். சூரியனும் செவ்வாயும் சத்திரியருக்கு, சந்திரன் வைசியருக்கு, புதன் சூத்திரருக்கு. சனி அந்த்யஜருக்கு. அந்த்யஜர் என்றால் கடைசியில் பிறந்தவர். நான்கு வர்ணத்துக்கும் வெளியே தள்ளப்பட்ட நம் மக்களுக்குச் சாத்திரங்கள் வைத்த பெயர்களில் ஒன்று அது.

இதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கிரகத்துக்கும் இடம், துணி, உலோகம் எல்லாம் உண்டு. சூரியனுக்குக் கோயில். குருவுக்குப் பொக்கிஷ அறை. சனிக்குக் குப்பைமேடு. சனியின் துணி கிழிந்த துணி, உலோகம் இரும்பு, குணம் சோம்பல்.

இந்தப் பட்டியலை மனுஸ்மிருதியின் 10-ஆம் அத்தியாயத்தோடு வைத்துப் பாருங்கள். சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும், இரும்பு நகைதான் அணிய வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. தரையில் போட்ட சட்டத்தை வானத்தில் நகல் எடுத்திருக்கிறார்கள். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. வானத்து நகலுக்கு இன்னும் தட்சணை வைத்துக்கொண்டிருக்கிறோம். வேலைக்காரரையும் பிள்ளைகளையும் "சனியனே" என்று திட்டும் வீடுகளில் யாரும் பிருகத் ஜாதகம் படித்தவர்கள் இல்லை. படிக்காமலே அது வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ராசிகளுக்கும் வர்ணம் உண்டு. கடகம், விருச்சிகம், மீனம் பிராமண ராசிகள். மேஷம், சிம்மம், தனுசு சத்திரிய ராசிகள். ரிஷபம், கன்னி, மகரம் வைசிய ராசிகள். மிதுனம், துலாம், கும்பம் சூத்திர ராசிகள். நெருப்பு, நிலம், காற்று, நீர் என்று மும்மூன்றாகப் பிரிக்கும் பழைய முறை வெளியிலிருந்து வந்தது. அதன்மேல் வர்ணத்தைப் பூசிக்கொடுத்தது இங்கே.

சொந்த விதியையே மதிக்காத சாத்திரம்

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த விதியை உண்மையாகவே பின்பற்றினால் சாதியே ஆட்டம் கண்டுவிடும். சந்திரன் ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டேகால் நாள் இருக்கும். அதற்குள் இந்தியாவில் பிறக்கும் குழந்தைகள் ஒரு லட்சத்துக்கு மேல். அத்தனைக்கும் ஒரே ராசி. ஒரே அரசு மருத்துவமனையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், பத்து நிமிட இடைவெளியில் ரத வீதிக் குழந்தை ஒன்றும் காலனிக் குழந்தை ஒன்றும் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ராசி, நட்சத்திரம், பெரும்பாலும் லக்கினம் உட்பட எல்லாம் ஒன்று. கடக ராசி என்றால் இரண்டுமே பிராமண வர்ணம். ஆனால் காலனிக் குழந்தையை அப்படி யாரும் நடத்தியதாக வரலாறு இல்லை. எந்தத் தெருவுக்கு அந்தக் குழந்தை தூக்கிப் போகப்படுகிறது என்பதுதான் அதன் படிப்பையும் வேலையையும் ஆயுளையும் தீர்மானிக்கிறது. தெருவின் பெயர் ஜாதகக் கட்டத்தில் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரிய திருவிழாவே ஒரு நட்சத்திரத்தின் பெயரில் நடக்கிறது: ஆடிப்பூரம். பூரம் என்றால் சிம்ம ராசி. ஆண்டாள் துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை என்பது கோயில் மரபு. பெற்றவர் யாரென்று கேட்காமல் ஒரு குழந்தையைக் கொண்டாட இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. அதே பூரத்தில் சேரியில் பிறந்தவர்களுக்கோ பெரிய கோயில்களின் வாசலே எல்லையாக இருந்தது. மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்தது 1939 ஜூலையில். சென்னை மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. சட்டம் வரும்வரை பூர நட்சத்திரம் யாருக்கும் கதவைத் திறந்துவிடவில்லை.

பிறந்த நேரமே எழுதப்படாதவர்கள்

ஜாதகம் எழுத நாழிகைக் கணக்கு வேண்டும், எழுதத் தெரிந்தவர் வேண்டும், கொடுக்கக் காசு வேண்டும். நம் பாட்டிகள் பிள்ளை பெற்றது களத்துமேட்டிலும் வரப்போரத்திலும். "பெருமழை பெஞ்ச வருசம், நாத்து நடுற சமயம்" என்பதுதான் பிறப்புச் சான்றிதழ். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்த பிறகும் நெடுங்காலம் இதுதான் நிலைமை. பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் வயது ஐந்து. பள்ளி திறக்கும் ஜூனுக்குள் ஐந்து முடிகிற மாதிரி வாத்தியார் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். நம் அப்பா, அம்மா தலைமுறையில் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் இத்தனை பேர் இருப்பது இதனால்தான். இன்றைய செல்போன் ஜோதிடத்தின்படி அவர்களில் ஏராளமானவர்கள் மிதுனம். பேச்சுத்திறமை, நிலையற்ற மனம். அந்தக் குணத்தை அவர்களுக்குக் கொடுத்தது வாத்தியாரின் பேனா.

செல்போன் ராசியும் காலண்டர் ராசியும் ஒன்றும் கிடையாது. ஏப்ரல் 5-இல் பிறந்தவர் மேற்கத்திய கணக்கில் மேஷம். நம் கணக்கில் அது பங்குனி மாதம். சூரியன் இருப்பது மீனத்தில். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் இரண்டு கணக்கும் விலகி, இப்போது இடைவெளி சுமார் 24 பாகை. போதாததற்கு நம் ஊர் ராசி சந்திரனை வைத்துச் சொல்வது. ஒரே ஆளுக்கு மூன்று ராசி, மூன்று குணம்.

பிறகு ஏன் எல்லாருக்கும் பொருந்துவதாகத் தோன்றுகிறது? 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களிடம் ஒரு குணத் தேர்வு நடத்தி, ஒவ்வொருவருக்கும் 'உன் குணம்' என்று ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம்; பெரும்பகுதி கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. நம் நாட்டில் வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் புனேயில் ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் படிக்கும் பிள்ளை எது, மனவளர்ச்சி குன்றிய பிள்ளை எது என்று ஜாதகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். 27 ஜோதிடர்களின் விடைகளில் சரியானது சராசரியாக 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே 50 வந்திருக்கும். அந்தச் சோதனையில் உடன் நின்றவர் நரேந்திர தபோல்கர். 2013 ஆகஸ்ட் 20 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வள்ளுவர்களின் வானம்

இங்கே நாம் நிதானமாகப் பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜோதிடம் பிராமணர் கையில் மட்டும் இருந்ததில்லை. பட்டியல் சாதிகளில் ஒன்றான வள்ளுவர்கள் தலைமுறை தலைமுறையாக நாள் குறித்தவர்கள், ஜாதகம் கணித்தவர்கள். 1909-இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழிலும் தம் நூல்களிலும், வள்ளுவர், சாக்கையர், நிமித்தகர் என்போர் பௌத்தர்களின் கருமத் தலைவர்கள் என்றும், பின்னால் வந்தவர்கள் அவர்களைத் தாழ்த்தி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும் எழுதினார்.

அந்த அறிவு நம்முடையது என்று உரிமை கோருவது சரிதான். மாதம், திதி, பருவம் கணக்கிடுவதற்குக் கணிதம் வேண்டும். அதைச் சேரிக்குள் காப்பாற்றி வைத்திருந்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும். ஆனால் கணக்கு வேறு, பலன் வேறு. கிரகணம், நட்சத்திரம் பார்த்துப் பலன் சொல்லிப் பிழைப்பது பிக்குகளுக்குத் தகாது என்று புத்தரின் பிரம்மஜால சூத்திரம் சொல்கிறது. பௌத்தத்தின் வழியில் அயோத்திதாசரைப் படிக்கிற நாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

பொருத்தம் என்ற பூட்டு

காலண்டர் வார்த்தையால் யாருக்கும் பெரிய சேதமில்லை என்று சொல்பவர்கள் கல்யாணப் பேச்சின்போது வந்து பார்க்கட்டும். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற ஒரு வரியால் எத்தனை அக்காமார்களின் வாழ்க்கை தள்ளிப்போயிருக்கிறது! வர்ணப் பொருத்தம் என்ற ஒன்றும் இருக்கிறது. மணமகனின் ராசி வர்ணம் மணமகளுடையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். ஆண் மேலே, பெண் கீழே என்று மனு சொன்ன அதே திசை. சாதி மாறிக் காதலித்தவர்களின் வீட்டில் "சாதிக்காக இல்லைங்க, ஜாதகம் சேரலை" என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். வன்கொடுமைச் சட்டம் தொட முடியாத, காதுக்கு இனிமையான பதில் அது.

இந்தப் பூட்டை உடைத்த வரலாறும் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. பின்னர் ராகு காலத்தில் வேண்டுமென்றே நடத்திய திருமணங்களும் உண்டு. அண்ணா ஆட்சியில் 1967-இல் இயற்றிய திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். அதற்குப் பொதுச் சடங்கு கட்டாயமில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. மதம் மாறி மணப்பவர்களுக்கு 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது.

ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் எழுதி வைத்துப்போன கடிதத்தில் நட்சத்திரங்கள் வருகின்றன. கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத ஆசைப்பட்டவர் அவர். மனிதரை அவர் நட்சத்திரத் தூசியால் ஆனவராகப் பார்த்தார். அப்படிப் பார்த்த ஒருவரை அவர் பிறப்பை மட்டும் வைத்து அளந்தார்கள் என்பதுதான் அந்தக் கடிதத்தின் வேதனை. தோழர்கள் வானத்தைப் பாருங்கள். தொலைநோக்கி கிடைத்தால் சனியின் வளையத்தைக் காலனிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே குப்பைமேடு இல்லை என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை யாராவது "உங்க ராசி என்ன?" என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். திருமணப் பதிவு அலுவலகத்தில் நம் பிறந்த தேதியைக் கேட்பார்கள்: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்துவிட்டதா என்று பார்க்க மட்டும்.

ஜெய் பீம்.