எமர்ஸனின் மகள்

அமெரிக்க ஞானி எமர்ஸனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய கட்டுரைகளைச் சொல்வார்கள். கீதையை அவர் ஈடுபட்டுப் படித்ததையும், பிரம்மத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதியதையும் நம்மவர்கள் பெருமையோடு சேர்த்துக்கொள்வார்கள். அவருடைய கடைசிப் பத்து வருஷங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு என்னவோ அந்தப் பத்து வருஷங்களே முக்கியமாகப் படுகின்றன. அந்தக் கதையில் பெரிய பாத்திரம் அவருடைய மூத்த மகள் எல்லன்.

1803-ல் பிறந்த எமர்ஸனுக்கு அறுபது வயதைத் தாண்டியபின் ஞாபகம் தளர ஆரம்பித்தது. 1872 ஜூலையில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் காங்கார்டு ஊரில் இருந்த அவர் வீடு தீப்பிடித்தது. அயலார் ஓடிவந்து புத்தகங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் காப்பாற்றினார்கள். ஆனால் அந்த அதிர்ச்சிக்குப் பிறகு மறதி வேகமாக வளர்ந்தது. நண்பர்கள் பணம் திரட்டிக் கொடுக்க, அவர் எல்லனுடன் ஐரோப்பாவுக்கும் எகிப்துக்கும் போனார். 1873 மே மாதம் திரும்பியபோது ஊரார் மணியடித்து வரவேற்றார்கள். வீடு பழையபடி எழுந்து நின்றது. ஞாபகத்தை அப்படிக் கட்டிக் கொடுக்க ஊராரால் முடியவில்லை.

முதலில் பெயர்கள் போயின; பிறகு சாதாரணச் சொற்களும் போயின. ஒரு நாள் குடை என்ற சொல் அகப்படவில்லை. அதன் பெயர் தெரியாது, ஆனால் சரித்திரம் தெரியும். அந்நியர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிற சாமான் அது என்றாராம். சொல் போனாலும் ஹாஸ்யம் போகவில்லை, பாருங்கள்!

இந்த நிலையில் உள்ள தகப்பனாரைப் பிரசங்க மேடைக்கே அனுப்பாமல் வீட்டோடு வைத்துவிடுவது சுலபம். எல்லன் அப்படிச் செய்யவில்லை. அவர் பேசப் போன இடங்களுக்குக் கூடவே போய்ப் பக்கத்தில் இருந்துகொண்டாள். அவர் தடுமாறினால் மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். புத்தகத்தைத் தொகுத்து முடிக்க அவரால் முடியாதபோது, கேபட் என்ற நண்பரோடு சேர்ந்து ஏடுகளை ஒழுங்கு செய்தாள். 1875-ல் புத்தகம் தகப்பனார் பெயரில் வெளிவந்தது.

என் தகப்பனாருக்கும் இந்தத் தளர்ச்சி தொடங்கியிருக்கிறது. அதனால்தான் எல்லனைத் தேடிப் படித்தேன். நம் வீடுகளில் இப்படிப்பட்ட பெரியவர்களுக்குப் பரீட்சை வைக்கிறோம். "நான் யார், சொல்லுங்கோ பார்க்கலாம்" என்று விருந்தாளிகள் முன்னால் கேட்கிறோம். அவர் விழிப்பதைக் கண்டு சிரிக்கவும் சிரிக்கிறோம். கெட்ட எண்ணம் இல்லைதான். ஆனால் விடை தெரியாமல் நிற்பவருக்குத் தாம் தோற்றுவிட்டது நன்றாகத் தெரிகிறது. எல்லன் கேள்வி கேட்கவில்லை, விடையைக் கொடுத்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதரின் மானம் இருக்கிறது.

அவளுக்கு உதவ அன்றைய வைத்தியத்தில் எதுவும் இல்லை. ஜெர்மானிய வைத்தியர் அல்ஸைமர் தம் நோயாளி ஒருத்தியைப் பற்றிச் சொன்னது 1906-ல். அந்த நோய்க்கு அவர் பெயர் வைக்கப்பட்டது 1910-ல். எமர்ஸனுக்கு வந்ததும் அதுதானா என்று யாரும் தீர்மானிக்க முடியாது. அல்ஸைமர் நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றைக்கும் இல்லை. எல்லனின் வழியில் பாதிக்கு மேல் இன்றும் நமக்கு உபயோகப்படும்.

அதற்கு அவள் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். தாயாரும் அடிக்கடி நோயில் விழுகிறவள். குடும்பப் பாரம் எல்லன் தோளில் இருந்தது. அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரு மகளின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு அதைத் தியாகம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை.

1882 மார்ச்சில் கவிஞர் லாங்பெல்லோ இறந்துபோனார். எமர்ஸனுக்கு நெடுநாளைய நண்பர். சவ அடக்கத்துக்குப் போன எமர்ஸன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, இவர் மிக இனிய ஆத்மா, ஆனால் பெயர்தான் எனக்கு அடியோடு மறந்துவிட்டது என்றார். அடுத்த மாதம் அவரும் காலமானார்.