கல்லும் அச்சும்

பெங்களூர்ச் சில்லாவின் சாசனங்களை லூயிஸ் ரைஸ் துரையவர்கள் 1905-இல் அச்சிட்டு வெளியிட்டனர். அச்சேறிய பின்னர்க் கல் எற்றுக்கெனச் சிலர் வினவுவர். பாடத்தில் ஐயம் நிகழ்ந்துழிக் கல்லேயன்றோ சான்றாவது! அன்றியும், அத்தொகுதியிற் புகாத கற்களும் உள. ஹெப்பாளத்தில் கி.பி. 750-ஐ அடுத்த கிட்டய்யன் வீரக்கல் 2018-இல்தான் வெளிப்பட்டது. வாய்க்கால் வேலைக்கிடையே அஃது அழிந்தொழியாது காத்து, பின்னர் மண்டபமும் எடுப்பித்தவர் கூலி கருதாத வரலாற்றன்பர்கள். சாசனப் புலவரல்லர், பொறியாளர் முதலிய பிற தொழிலினர். அம்முயற்சியே, 1909-இல் தோன்றிய மிதிக் சொசைட்டியின் வாயிலாக, 2021 முதல் கல்லெழுத்துக்களை முப்பரிமாணப் படியெடுக்கும் பணியாய் விரிந்தது. ஒளிக்கருவி மேடுபள்ளங்களை நுண்ணிதின் அளத்தலின், வெறுங்கண்ணுக்குத் தேய்ந்து தோன்றும் எழுத்தும் புலனாகின்றது. மைப்படியில் இத்துணைத் தெளிவு அரிது. அந்நகரத்துத் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்ச் சாசனங்களும் உள. தமிழறிந்தார் அவ்வன்பர்க்கு உடனிருந்து படித்துதவல் வேண்டும்.