ஒளிபுகு யன்னல்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பெட்டி என்பது உள்ளிருப்பதைக் காப்பதற்கும் மறைப்பதற்குமென ஏற்பட்ட பொருள். அதன் சுவரை அறுத்து, ஒளிபுகு தகடொன்றைப் பதித்து, உள்ளே நிகழ்வதை வெளியே நின்று காண விழைவது பிற்காலத்து ஆசையாகும். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டில் இவ்வாறு யன்னல் அமைக்கும் வழக்கம் எம்மவரான இளைஞர் சிலரிடமும் உண்டு. இதனை வெறும் விளையாட்டென ஒதுக்குவோர் உளர். ஆயின் அவ்யன்னலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் இரு கட்டங்களைத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த சில மைல் எல்லைக்குள் நின்றே நோக்கலாம் என்பது இக்கட்டுரையாளனின் துணிபு.

நெடுங்காலமாக, ஒளிபுகு தகடு என்றால் அது பெரும்பாலும் கண்ணாடியையே குறித்தது. கண்ணாடி பாரமானது; அறுப்பதற்கு அரியது; உடைந்தால் ஆளைக் காயப்படுத்துவது. 1930களில் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருள் சந்தைக்கு வந்தது. ஜேர்மனியில் ஒட்டோ றோம் என்பாரது நிறுவனம் இதற்கு 'பிளெக்ஸிகிளாஸ்' என்றும், பிரித்தானியாவில் ஐ.சி.ஐ. நிறுவனம் 'பேர்ஸ்பெக்ஸ்' என்றும் பெயரிட்டன. கண்ணாடியின் எடையில் ஏறத்தாழ அரைப்பங்கே இதன் எடை. சூடேற்றி வளைக்கலாம், மரத்தைப்போல வாளால் அறுக்கலாம். இக்குணங்களை முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது போர்தான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனன்குடாத் தளத்திலிருந்து எழுந்து அவற்றை எதிர்கொண்டவை ஹரிக்கேன் விமானங்கள். விமானியின் தலைக்குமேல் சறுக்கி மூடப்படும் கூண்டிலே பதிக்கப்பட்டிருந்தது இந்தப் பேர்ஸ்பெக்ஸ் தகடே. பகைவனை முதலில் காண்பவனே பிழைப்பான் என்ற நிலையில், யன்னல் ஈண்டு உயிர்ப்பிரச்சினையாயிற்று. (இத்தகட்டின் சிதறல்கள் விமானியரின் கண்களிற் பாய்ந்தும் அவற்றைப் புண்படுத்தாது கிடந்தமையைக் கவனித்த ஹரல்ட் றிட்லி என்னும் ஆங்கிலக் கண் மருத்துவர், 1949இல் அவ்வகைப் பொருளாலேயே வில்லை செய்து மனிதக் கண்ணினுள் வைத்தார். எம் பாட்டன் பாட்டிமார் கண்புரை நீக்கியபின் பெறும் வில்லையின் தொடக்கம் அதுவே.)

இரண்டாவது கட்டம் கடலடியில் நிகழ்ந்தது. நீர் நேரே கண்ணைத் தொடும்போது நாம் தெளிவாகப் பார்க்க இயலாது. கண்ணுக்கு முன்னே ஒரு தகடும் அதன் பின்னே சிறிது காற்றும் வேண்டும். சுழியோடியின் முகமூடி செய்வது இதுவே. கமராவைக் கடலுள் இறக்குவதாயின், நீர்புகாப் பெட்டியொன்றில் அதனை அடைத்து, வில்லைக்கு எதிரே யன்னல் வைத்தல் வேண்டும். பத்து மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரம் மேலதிகமாக அழுத்தும். பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவான சிறு யன்னலொன்று தாங்கவேண்டிய சுமை நூறு கிலோகிராம். அதாவது, வளர்ந்த ஆளொருவர் அதன்மேல் ஏறி நிற்பதிலும் கூடிய சுமை. எனினும் யன்னலை வெளிப்புறமிருந்து இறப்பர் வளையத்தின்மேற் பதித்திருப்பின், ஆழம் கூடுந்தோறும் கடலே அதனை இறுக்கி மூடிவிடும். பகையே காவலாகும் இவ்விந்தை போற்றற்பாலது.

1956ஆம் ஆண்டு ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடியிலே சுழியோடித் தூண்களையும் செதுக்கப்பட்ட கற்களையும் கண்டனர். 1957இல் வெளிவந்த கிளாக்கின் 'த றீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்னும் நூல் இதனைப் பேசுகின்றது. மலையுச்சியிலிருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர் என்பது நாமறிந்ததே. இன்று பிறெட்றிக் கோட்டை எனப்படும் அக்கோட்டையின் வாயிலில், பாண்டியரின் இரட்டைக் கயற் சின்னம் பொறித்த கல் இன்றும் உண்டு. எஞ்சிய கற்கள் கடலில் வீழ்ந்தன என்பது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஊரார் வாய்மொழியாகக் கூறிவந்த செய்தி. ஒரு சிறு யன்னலின் வழியே அச்செய்திக்குக் கட்புலச் சான்று கிடைத்தது. முன்னர், 1950இல், கிணறு தோண்டியபோது கோயிலின் வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டிருந்தன. 1963இல் மீளக் கட்டப்பட்ட கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

எனினும் வரலாற்று மாணவன் ஈண்டுச் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். தட்டையான தகட்டினூடாக நீருள் நோக்கும்போது பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாயும், நாலிலொரு பங்கு அண்மையாயும் தோன்றும். செந்நிறத்தை நீர் முதலிலேயே உறிஞ்சிவிடுவதால் யாவும் நீலம் படிந்தே காணப்படும். யன்னல் காட்டியது கற்களை; அவை எக்காலத்தவை, கோயிலின் எப்பகுதிக்குரியவை என்பதையன்று. அவற்றை உரைக்கக் கல்வெட்டும் கட்டடக்கலை ஒப்பீடும் வேண்டும். படத்தைக் கண்டவுடன் அனைத்தும் நிறுவப்பட்டதெனக் கொள்வாரும், படத்திற்குப் புறம்பான எதனையும் ஏற்க மறுப்பாரும் ஒரே தவற்றையே இழைக்கின்றனர். வில்சன் அதே கடலடியைத் தமது 'றன்முத்து துவ' (1962) என்னும் முதற் சிங்கள வண்ணத் திரைப்படத்திலும் காட்டினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சான்றும் காட்சியும் ஒரே யன்னல்வழி வந்தவை.

இனிக் கணினிப் பெட்டிக்கு வருவோம். அதன் உருக்குச் சுவர் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. உள்ளெழும் மின்காந்த அலைகள் வெளியேறி வானொலி முதலியவற்றைக் குழப்பாது தடுப்பதும் அதன் பணி. அதில் துவாரமிடுதல் அக்காவலைச் சிறிது தளர்த்துவதேயாம். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மேலைநாட்டு ஆர்வலர் இதனைப் பொருட்படுத்தாது சுவரை அறுக்கத் தொடங்கினர். தகட்டைப் பெட்டியினின்றும் கழற்றி, அளவு குறித்து, மூலைகளில் துளையிட்டு, இரும்பறுக்கும் வாளால் வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, வாகனக் கண்ணாடிக்குப் பொருத்துவது போன்ற இறப்பர் விளிம்பினுள் அக்ரிலிக்கைச் செருகுவர். வாள் விரைந்தோடினால் அக்ரிலிக் உருகி மீள ஒட்டிக்கொள்ளும். மதுசாரத்தால் துடைத்தாலோ மயிரிழை வெடிப்புகள் தோன்றும். இன்று கடைகளில் விற்கப்படும் பெட்டிகள் பல பதப்படுத்திய கண்ணாடியுடனேயே வருகின்றன. அதனை வாங்கலாமேயன்றி அறுக்க முடியாது. அறுக்க முனைந்தால் முழுவதும் நொறுங்கிவிடும்.

விமானிக்கு யன்னல் உயிர். சுழியோடிக்கு அது சான்று. கணினியின் முன் அமர்ந்திருப்பவனுக்கு அது தேவையே அன்று. உள்ளே சுழலும் விசிறியைக் காணாமலும் அவன் எழுதலாம். ஆயினும் இயந்திரத்தை மூடிய பெட்டியாகவே பெற்று, மூடியபடியே பயன்படுத்திப் பழகிய எமக்கு, எம் கையாலேயே ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தல் சிறு செயலன்று என்பதே எனது எண்ணம்.

இக்கட்டுரையாளனும் துறைமுகத்தருகேயுள்ள தன் வீட்டில் இம்முயற்சியில் இறங்கினான். முதலாவது தகட்டை, விளிம்பிற்கு மிக அண்மையில் துளையிட்டு ஆணியை இறுக முடுக்கியமையால், விடிவதற்குள் நட்சத்திரம்போல வெடிக்கச் செய்தான். இரண்டாவது தகடு இறப்பர் விளிம்பினுள் நன்றாக அமர்ந்தது. ஆனால் வெட்டிய உருக்கிற்கு வர்ணம் பூச மறந்துவிட்டான். வாடைக்காற்றுடன் வந்த உப்பு ஈரம் ஒரே மாரிக்குள் அதனைக் கண்டுகொண்டது. தகடு இன்றும் தெளிவாகவே உள்ளது. அதைச் சுற்றி ஒரு விரலளவு துரு.