கறுப்பு ஜவ்வரிசி

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது அந்தக் கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே வெண்ணெய் வாசனை. இடது பக்கம் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய பஃப், பன், கேக் துண்டுகள். வலது பக்கம் பபிள் டீ. "அத்தே, நீங்க சும்மா இருங்க, நான் சொல்றேன்" என்று அண்ணன் மகள் கவுண்டருக்குப் போனாள்.

வந்தது மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடிய தம்ளர். முனை சீவிய குழலால் 'டப்'பென்று குத்தித் திறக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குழலுக்கு 2022 ஜூலை முதல் தேதியே தடை வந்துவிட்டதால் இது காகிதக் குழல். சுண்டுவிரல் பருமன். உறிஞ்சினேன். குளிர்ந்த தேநீரோடு கறுப்பாக ஒன்று ஏறி வந்து நாக்கில் விழுந்தது. கடித்தால் வழுக்கிற்று, மறுபடி கடித்தால் பல்லோடு மல்லுக்கு நின்றது.

"சாபுதானா மாதிரி இருக்கேடி?"

"ஐயே, இது போபா!"

கவுண்டர் பையன் சிரித்துக்கொண்டே பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினான். மரவள்ளி மாவு, தண்ணீர், நிறத்துக்குக் கேரமல். தயாரித்த நாடு தைவான்.

அந்தக் கறுப்பு மணி இங்கே வந்து சேர்ந்த வழி கொஞ்சநஞ்சமில்லை. மரவள்ளியின் தாய்வீடு தென்னமெரிக்கா. பச்சையாகத் தின்றால் உடம்புக்குள் சயனைடை உண்டாக்கும் கிழங்கு அது. அமேசான் காட்டு மக்கள் அதைத் துருவி, 'டிப்பிட்டி' என்ற நீண்ட ஓலைப் பின்னலுக்குள் அடைத்து, தொங்கவிட்டு இழுத்துப் பிழிந்து நஞ்சை வடித்தார்கள். வடிந்த சாற்றின் அடியில் வெள்ளையாகப் படிந்த மாவுக்கு அங்கிருந்த துப்பி மொழியில் வழங்கிய பெயர்தான் டாப்பியோக்கா ஆயிற்று. பிரேசிலில் கால்வைத்த போர்த்துகீசியர் கிழங்கை ஆப்பிரிக்காவுக்கும் நம் மேற்குக் கரைக்கும் கொண்டுவந்தார்கள். பம்பாய்க்காரன் பாவ் என்று சொல்லும் ரொட்டியும் அவர்கள் சொல்தான், அவர்கள் சரக்குதான். கடையின் வலது பக்க மணியும் இடது பக்க பன்னும் ஒரே கப்பல்காரர்கள் வைத்துவிட்டுப் போன சீர் என்று அப்போதுதான் உறைத்தது.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைக் குடிகளிடம் பரப்பினார். இரண்டாம் உலக யுத்தத்தில், 1942இல் பர்மா அரிசி நின்றபோது அங்கே பல வீடுகளில் உலை வைத்தது இந்தக் கிழங்கைத்தான்.

அதே யுத்தம்தான் ஜவ்வரிசியையும் சேலத்துக்குக் கொண்டுவந்தது. அதுவரை நம் பாயசத்தில் மிதந்தது மலாய், ஜாவா பக்கத்துச் சரக்கு. சேகோ என்ற பனை வகையின் தண்டிலிருந்து எடுத்த மாவு. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். கப்பல் நின்றதும் 1943இல் சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பொபட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட வேண்டும். அடியில் உறையும் ஈரமாவை உதிர்த்துச் சாக்குத் துணியில் போட்டுத் தூளி ஆட்டுவதுபோல் முன்னும் பின்னும் ஆட்டினால் மாவு தானே உருண்டு மணியாகும். பிறகு சல்லடை, வறுக்கும் தட்டு, வெயில் களம். அந்த ஊரில் இன்றும் அதற்கு 'சேகோ' என்றுதான் பேர். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த மூட்டைகள் ஏறும் லாரிகளுக்கு மகாராஷ்டிரம் பழகிய பாதை. ஏகாதசியா, நவராத்திரியா, சிவராத்திரியா, இங்கே சாபுதானா கிச்சடிதான். விரதத்தில் தானியம் ஆகாது. இது கிழங்கு, ஆகும். புராணங்கள் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பிரேசில்காரனுக்கு விரத இலையில் முதல் இடம்.

தைவானில் மட்டும் இந்த மணி தேநீருக்குள் குதித்தது. 1986இல் தைனான் சந்தையில் வெள்ளை மணிகளைப் பார்த்த து த்சோங்-ஹே அவற்றைத் தேநீரில் போட்டதாக ஹான்லின் கடை சொல்கிறது. 1988இல் எங்கள் லின் ஹ்சியூ-ஹுய்தான் முதலில் போட்டார் என்கிறது தைச்சுங்கின் சுன் ஷுய் டாங். பத்து வருஷம் கோர்ட்டு வாசல் ஏறினார்கள். இந்தப் பானத்தை யார் வேண்டுமானாலும் போடலாம், யார் முதல் என்ற வழக்கே வேண்டாம் என்று 2019இல் முடிந்தது.

தைவான்காரர் இந்த மணியில் தேடுவது அந்தச் சவசவப்பைத்தான். அதற்கு 'க்யூக்யூ' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். நம் சமையலில் அதற்கு இடமே இல்லை. ஜவ்வரிசி பாயசத்தில் குழைய வேண்டும், வடாத்தில் மொறுமொறுக்க வேண்டும். நடுவில் நின்றால் அம்மாவுக்குக் கோபம்.

ஆனால் அந்த நடு எனக்குத் தெரியும். மாட்டுங்கா மொட்டை மாடி, ஏப்ரல் வெயில். அம்மா விடிகாலையில் ஜவ்வரிசியைக் கண்ணாடியாகக் காய்ச்சி, பச்சை மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்து, அப்பாவின் பழைய வேஷ்டியில் கரண்டி கரண்டியாக இடுவாள். காக்கை ஓட்ட என்னை உட்கார வைப்பாள். பத்து மணிக்கு மேல்தோல் காய்ந்து, அடி இன்னும் வழுவழுவென்று இருக்கும். அந்த நேரத்தில் ஒன்றை உரித்து வாயில் போட்டால் பல்லோடு மல்லுக்கு நிற்கும். வேஷ்டியில் விழுந்த வட்டமான ஓட்டைகளைப் பார்த்து அம்மா, "காக்கைக்குக் காவல் வச்சேன், காவலுக்கு யாரை வைக்கிறது?" என்பாள்.

கடைக்குள் பனிக்கட்டி கரைந்துவிட்டது. காகிதக் குழல் நைந்து, கடைசி நாலு மணி அடியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன. அண்ணன் மகளுக்கு வேஷ்டிக் கதையைச் சொன்னேன். "அப்போ பாட்டியே போபா பண்ணியிருக்கா!" என்றாள். பாட்டி பண்ணியது வடாம். போபா நான் திருடியது என்றேன்.

திரும்பும் வழியில் மாட்டுங்கா மார்க்கெட்டில் இறங்கி ஜவ்வரிசி கேட்டேன்.

"நைலானா, மாவா?" என்றார் கடைக்காரர்.

"மாவுதான். வடாத்துக்கு."

"காயறதுக்குள்ள கூப்பிடுங்க அத்தே" என்றாள் அவள்.