மேலுதட்டு மயிரும் ராணுவ ஒழுங்கும்

வேலூர்ச் சிப்பாய்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 1806 ஜூலை 10 அன்று அதிகாலையில் வெடித்த முதல் துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அதற்கு முன் சென்னை ராணுவத்துக்குப் போட்ட ஒரு நிலை உத்தரவுதான் முக்கியமாகப் படுகிறது. சீருடையில் இருக்கும் சிப்பாய் முகத்தில் சாதிக்குறி இடக்கூடாது, கடுக்கன் கூடாது, மோவாய் மழித்திருக்க வேண்டும், மேலுதட்டு மயிரின் அளவும் வடிவமும் கூடியவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். 'கூடியவரை' என்று சேர்த்த குமாஸ்தாவை எனக்குப் பிடித்திருக்கிறது. மயிர் உத்தரவுக்குப் பணியாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நானும் பாங்குக் குமாஸ்தாதான்.

இதோடு தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை, 1805 நவம்பரில் வந்தது. மே மாதம் வேலூரில் அதை மறுத்தவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி, வேலைநீக்கம். மேலும் பத்தொன்பது பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். ஜூலையில் கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள் நூற்றுக்கு மேல் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்த பிறகு சிப்பாய்கள் அதைவிட அதிகமாகச் செத்தார்கள். உத்தரவு வாபசாயிற்று. தளபதி கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் 1807இல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

மதம் புண்பட்டது என்று ஒரு கட்சி. முதல் சுதந்திரப் போர் என்று இன்னொரு கட்சி. இரண்டும் மேடைக்கு உதவும். ஆனால் இதே சிப்பாய்தான் சிவப்புக் கோட்டையும் அணிவகுப்பையும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தவன். கையையும் காலையும் கூலிக்கு விட்டவன், நெற்றியையும் மோவாயையும் விற்கவில்லை. கம்பெனி அந்த எல்லையைத் தாண்டியபோதுதான் அவன் சுட்டான் என்று நான் வாசிக்கிறேன். கம்பெனிக்குப் பின் வந்த ஆட்சி வேறொரு பாடம் கற்றது. சீக்கியச் சிப்பாய் தாடியையும் தலைமுடியையும் வெட்டாமல் வைத்திருப்பதையே படை விதியாக்கியது. வேலூரில் குற்றமான மயிர் அங்கே சீருடையில் சேர்த்தி.

பெண்டிங்க் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்து, 1835இல் இந்தியச் சிப்பாய்க்குக் கசையடியை ஒழித்தார். வேலூர் அவர் மனசில் இருந்ததா, சொல்ல முடியாது. பக்கத்துக் கூடாரத்து வெள்ளைச் சிப்பாய்க்கு மட்டும் அடி தொடர்ந்தது. 1845இல் ஹார்டிஞ்ச் இந்தியனுக்கும் அதைத் திருப்பித் தந்தார். பிரிட்டிஷ் ராணுவம் 1881இல் கைவிட்ட கசை, 1911இன் இந்திய ராணுவச் சட்டத்திலும் இருந்தது. சுதந்திர இந்தியாவின் 1950 ராணுவச் சட்டம் போர்க்களத் தண்டனையைப் பேசுமிடத்தில் 'கசையடி நீங்கலாக' என்கிறது. இல்லாத ஒன்றைப் பெயர் சொல்லி விலக்குகிற அந்த வாக்கியத்தில் ஒரு நூற்றாண்டின் முதுகு தெரிகிறது.

கசை போன இடத்தில் வந்தது காலக்கணக்கு. இத்தனை வருஷம் அடங்கியிருந்தால் பென்ஷன். தப்பு செய்து வேலை போனால் அதுவும் போகலாம். முதுகைத் தொடாமலே வேலை நடந்தது. 2022இல் வந்த அக்னிபத் அந்தக் கணக்கையும் மாற்றிவிட்டது: நாலு வருஷம், முடிவில் சுமார் பதினொன்றே முக்கால் லட்சம், நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மிஞ்சாமல் நிரந்தர வேலை, மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. அடியும் இல்லை, பென்ஷனும் இல்லை என்றால் ஒழுங்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அந்த இருபத்தைந்தில் தானும் ஒருவன் என்ற நம்பிக்கையையா?

நவம்பரில் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க எங்கள் கவுண்டருக்கு வருகிற ஒரு பழைய ஹவில்தாரிடம் இதைக் கேட்டேன். அவர் பேரன் அக்னிவீரனாகச் சேர்ந்திருக்கிறான். "நாலு வருஷத்துல என்ன சார் பழகும்? எனக்கு பூட்ஸு பழகவே ஒரு வருஷம் ஆச்சு" என்றார். உட்காரச் சொன்னேன். நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனார்.