மாதிரி விமானமும் மூன்றாம் மனிதரும்

ஓய்வு நாட்களில் பால்சா மரச் சட்டங்களை ஒட்டித் தம் கையாலேயே ஒரு மாதிரி விமானத்தை உருவாக்கி ஊர்ப்புறத் திடலில் பறக்கவிட்டு மகிழ்பவரை யாரும் விமானப் போக்குவரத்து நடத்துபவராக எண்ணுவதில்லை. ஆயினும் ஜெர்மனியின் வான்போக்குவரத்துச் சட்டம் அதன் முதற் பிரிவிலேயே மாதிரி விமானத்தையும் வானூர்திகளின் வரிசையில் வைப்பதால், 33-ஆம் பிரிவின் கடும் பொறுப்பு பெரிய விமானங்களை இயக்குவோரைப் பற்றுவது போலவே அவரையும் பற்றுகிறது. அவருடைய அலட்சியத்தை நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. விமானம் இயங்குகையில் நேர்ந்த விபத்தால் பிறருடைய உயிருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ சேதம் விளைந்தது என்பதே நஷ்டஈடு கோரப் போதுமான ஆதாரம்.

பொழுதுபோக்குக்கு இத்தனை பாரமா என்று ஆட்சேபிப்போர் உண்டு. 5 கிலோ எடையுள்ள மாதிரி மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதனிடமுள்ள இயக்க ஆற்றல் 2,250 ஜூல். அதே எடையுள்ள கல்லை ஏறத்தாழ 46 மீட்டர் உயரத்திலிருந்து நழுவவிட்டால் அது தரையில் மோதும் ஆற்றலுக்கு இது சமம். திடலை அடுத்த பாதையில் குழந்தையின் கையைப் பிடித்து நடந்து போகிறவருக்கு இந்த விளையாட்டின் ஆனந்தத்தில் பங்கில்லை, அபாயத்தில் மட்டும் உண்டு. ஆகையால் அபாயத்தை உண்டாக்கியவரே அதன் கிரயத்தையும் ஏற்க வேண்டும் என்ற சித்தாந்தம் நியாயமானதென்பதே என் அபிப்பிராயம்.

இன்ஷூரன்ஸ் இந்த நியாயத்தை மெய்யாக்கும் சாதனம். கொடுக்க வகையற்றவரிடம் பெற்ற தீர்ப்பு, காயம்பட்டவருக்கு வெறும் காகிதம். அதனாற்றான் 2005 முதல் மாதிரிகளுக்கும் பொறுப்புக் காப்பீடு அங்கே கட்டாயமாயிற்று. கட்டாயக் காப்பீட்டில் மற்றொரு நுட்பமும் உண்டு: காப்பீடு எடுத்தவர் ஒப்பந்த நிபந்தனைகளை மீறியிருந்தாலும், கம்பெனி பெரும்பாலும் அதைக் காட்டிப் பாதிக்கப்பட்டவரைத் திருப்பி அனுப்ப முடியாது, முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் மீறியவரிடம் வசூலிக்கலாம். காப்பீடு மனிதரை அஜாக்கிரதையாக்கும் என்ற பழைய வாதம் இவ்விடத்தில் வலுவிழக்கிறது. வேண்டுமென்றே இழைத்த தீங்கையோ காப்பீடு ஏற்பதே இல்லை.

500 கிலோவுக்குட்பட்ட வானூர்திகளுக்குச் சட்டம் வைத்துள்ள 7,50,000 கணக்கு அலகு (சர்வதேச நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமை) என்ற உச்சவரம்பும் அலட்சியமின்றியே எழும் கடும் பொறுப்புக்கு மட்டுமே உரியது. அலட்சியம் ருசுவானால் பொதுச் சிவில் சட்டம் குறுக்கிடும், அதற்கு அவ்வரம்பில்லை. தனிமனிதப் பொறுப்பு தன் முழு உருவத்தோடு திரும்பி வருவது அப்போதுதான், அதுவும் மிகச் சிறிய காரியங்களின் வாயிலாக. காரில் ஏற்றுவதற்காகக் கழற்றிய இறக்கைகளைத் திடலில் மீண்டும் பூட்டும்போது, இறக்கை மடல்களை அசைக்கும் சர்வோ மோட்டார்களின் கம்பிச் செருகிகள் இடம் மாறிவிடுவதுண்டு. விமானத்தின் பின்னால் நின்று டிரான்ஸ்மிட்டரின் குச்சியை வலப்புறம் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்பு மடலான எய்லரான் மேலெழ வேண்டும். கீழிறங்கினால், கிளம்பிய மறுகணமே அவ்விமானம் எதிர்ப்பக்கம் சாயும். இதைப் பார்த்துக்கொள்ளப் பத்து விநாடிகூட ஆகாது. விபத்துக்குப்பின் நீதிமன்றத்தில் நிற்கும்போது, அந்தப் பத்து விநாடியைப் பற்றித்தான் அவரிடம் கேட்பார்கள்.