முதுசொமும் தேடியதேட்டமும்

உழைக்காத பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த பொருட்களை வாங்கிக் கொடுக்கலாமா? ரொறன்ரோவில் எம்மவர் கூடும் இடங்களிலெல்லாம், அது திருமண மண்டபமாயினும் கோயில் வாசலாயினும், இவ்வினா எழாமற் போவதில்லை. ஆயிரம் டொலருக்கு மேற்பட்ட கைபேசி, பதினாறு வயதில் வாகனம் பழகும் அனுமதி கிடைத்ததும் சொந்தமாக ஒரு கார், பூப்புனித நீராட்டு விழாவுக்கு நீண்ட சொகுசு வாகனம் என்று பட்டியல் வளர்ந்துகொண்டே செல்கின்றது. “நாங்கள் பட்ட கஷ்டம் பிள்ளைகள் படக்கூடாது” என்பர் ஒரு சாரார். “கஷ்டம் தெரியாத பிள்ளை உருப்படாது” என்பர் மறு சாரார். இரு சாராரும் தத்தம் கட்சிக்கு எமது ஊர் வழக்கத்தையே சாட்சிக்கு அழைப்பதுதான் விந்தை. ஆகவே, அந்த ஊர் வழக்கம் உண்மையில் என்ன சொல்லிற்று என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயனுடையது. எழுத்திலே பதிவான வழக்கம் ஒன்று எம்மிடம் உண்டு. அதுவே தேசவழமை.

ஒல்லாந்தர் பதிந்த வழமை

1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், அங்குள்ள மக்களின் சொத்து வழக்குகளைத் தீர்ப்பதற்கு அம்மக்களின் வழமைகளை அறியவேண்டியவராயினர். தேசாதிபதி சைமன்ஸ் பணித்தபடி, யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அவ்வழமைகளைத் திரட்டி, 1707 ஜனவரியில் ஒப்படைத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்களது ஒப்புதலையும் பெற்றது. பின்னர் வந்த ஆங்கிலேயர், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர். 1911இலும் 1947இலும் திருத்தங்களுக்கு உட்பட்டபோதிலும், வடபுலத் தமிழரின் சொத்துரிமையில் இன்றும் அது செல்லுபடியாகும் சட்டமாகும்.

தேசவழமை ஒரு குடும்பத்தின் சொத்தை மூன்றாக வகுக்கின்றது. பெற்றார் வழி இறங்கி வருவது முதுசொம். மகளுக்குத் திருமணத்தின்போது கொடுக்கப்படுவது சீதனம். கணவனும் மனைவியும் இல்லறத்தில் ஈட்டுவது தேடியதேட்டம். இம்மூன்றில் இரண்டு, பெறுபவர் தாமாக உழைத்துப் பெறாதவை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். உழைக்காமற் கிடைத்த பொருள் பிள்ளைக்குத் தகாது என்ற எண்ணம் எம் முன்னோரிடம் இருந்ததற்குச் சான்று அங்கே இல்லை. காணியும் வீடும் நகையும் பிள்ளைக்கு வைத்துப் போவதே பெற்றாரின் கடமை என்றுதான் அவர்கள் கருதினர்.

அப்படியாயின், தாராளமாக வாங்கிக் கொடுப்பவர்கள் பக்கமே நியாயம் என்று முடிவுகட்டலாமா? அவசரப்படவேண்டியதில்லை.

ஒரே பெட்டகம்

அதே தேசவழமை ஆண்மக்களைப் பற்றி இன்னொன்றும் கூறுகின்றது. பெற்றார் உயிரோடிருக்கும்வரை மகன் அவர்களது சொத்தில் எதையும் உரிமையாகக் கேட்கமுடியாது. அதுமட்டுமன்று, மணமாகாதிருந்த காலத்தில் அவன் உழைத்தது முழுவதையும் குடும்பத்தின் பொதுச் சொத்தில் சேர்த்தல் வேண்டும். இதற்கு விதிவிலக்கு ஒன்றுண்டு. அவன் தன் உடலில் அணிந்த பொன், வெள்ளி ஆபரணங்கள், தானே தேடியவையாயினும் பெற்றார் கொடுத்தவையாயினும், அவனுக்கே உரியவை.

இந்த விதிவிலக்கு சிந்தனைக்குரியது. விலையுயர்ந்த பொருளைப் பிள்ளைக்கு அணிவித்து மகிழும் பெற்றாரின் ஆசையை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வழமை அறிந்திருந்தது. அதற்கு இடமும் கொடுத்தது. ஆனால், அந்த நகையை அணிந்த பிள்ளையே வீட்டின் பொதுப் பெட்டகத்தில் தன் உழைப்பையும் போட்டான். பெறுவதும் இடுவதும் ஒரே பெட்டகத்தில் நடைபெற்றன.

மகளுக்குரிய விதியும் இவ்வாறே கணக்கோடு அமைந்தது. ஆதியில் தாய்வழிச் சொத்துப் பெண்மக்களுக்கும் தந்தைவழிச் சொத்து ஆண்மக்களுக்கும் சென்றது என்றும், போர்த்துக்கீசர் காலத்தில் அம்முறை தளர்ந்து, மூவகைச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது என்றும் தேசவழமை குறிப்பிடுகின்றது. சீதனம் பெற்றுச் சென்ற மகள் அதனோடு திருப்தியடைதல் வேண்டும். கொடுத்த காணியைப் பத்தாண்டுகளுக்குள் தன் ஆட்சிக்குள் கொண்டுவராவிடின், அவளது உரிமை நிலைப்பதில்லை. கொடுத்தாற் போதாது, பெற்றவர் அதைப் பொறுப்பேற்று ஆளவும் வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

இவ்வாறு கூறுவதால், பழைய வழமை யாவும் போற்றத்தக்கன என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டாம். மனிதரையே உடைமையாக எழுதிய அடிமை விதிகளும் அதே ஏட்டில்தான் உள்ளன. அடிமைமுறை இலங்கையில் 1844வரை சட்டப்படி நீடித்தது. தங்கைமாரின் சீதனத்துக்காக உழைத்து உழைத்துத் தலை நரைத்த அண்ணன்மாரையும், சீதனம் இல்லாமையால் வீட்டோடு இருந்துவிட்ட அக்காமாரையும் நாம் எல்லோரும் அறிவோம். பொதுப் பெட்டகம் சிலரை நசுக்கியது என்பதே உண்மை.

மலாயாவிலிருந்து வந்த பணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம், மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர் பலர் மலாயா சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணிபுரிந்தனர். அவர்களது சம்பளம் காசுக்கட்டளையாக ஊர் திரும்பியது. அப்பணத்தில் கல்வீடுகள் எழுந்தன, சகோதரிமார் கரைசேர்ந்தனர், தம்பிமார் கல்லூரி சென்றனர். கடல் கடந்தும் பெட்டகம் ஒன்றாகவே இருந்தது. ஆண்மகனின் உழைப்பைப் பற்றிய விதி சட்ட வழக்கில் தேய்ந்துபோன பின்னரும், மனத்தில் அது நெடுங்காலம் நிலைத்திருந்தது.

எனது சொந்த அனுபவத்திலிருந்தும் ஒன்று சொல்வேன். நான் ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும்போது, என் தகப்பனார் புகையிலை விற்ற காசில் எனக்கொரு றலி சைக்கிள் வாங்கித் தந்தார். அதற்கு நான் ஒரு சதமேனும் உழைத்திருக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் அது பெரிய சொத்து. ஆயினும் அது எனது சைக்கிள் என்று சொல்லப்பட்டதேயன்றி, எனக்கு மட்டும் உரியதாக ஒருநாளும் இருந்ததில்லை. விடியற்காலையில் அதிலே மரக்கறிச் சாக்கைக் கட்டிச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனேன். மாலையில் தங்கையை ரியூசனுக்கு ஏற்றிப்போனேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அதன் பின்னிருக்கையில் என் தாயாரும், முன்னே தொங்கிய பையில் காணி உறுதிகளும் எங்கள் சான்றிதழ்களும் இருந்தன. உழைக்காமற் பெற்ற அந்தப் பொருள் என்னைக் கெடுக்கவில்லை. ஏன் கெடுக்கவில்லை என்பதை நான் விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

இல்லாமையின் நினைவு

எம்மவர் இங்கு அளவுமீறிக் கொடுப்பதன் காரணம் வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 1986 ஆகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றியபோது, அவர்கள் கையில் என்ன இருந்தது? 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் நிலவிய காலத்தில் நான் ஆசிரியனாக இருந்தேன். என் மாணவர் ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்தனர். பற்றரி கிடைக்காமையால், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். அந்த மாணவருட் சிலரே இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தாய் தகப்பனாக இருக்கின்றனர். ஒரு புதுக் கொப்பிக்கு ஏங்கிய பிள்ளை தன் பிள்ளைக்குக் கணினி வாங்கும்போது, கடையில் இரண்டு பேருக்கு வாங்குகின்றது: ஒன்று மகனுக்கு, மற்றது ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்த தனக்கு. அதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. அதையும் என் வீட்டிலிருந்தே சொல்கின்றேன்.

என் மகன் பதினாறு வயதில் ஒரு கோப்பிக் கடையில் வார இறுதி வேலைக்குச் சேர்ந்தான். முதற் சம்பளம் இருநூறு டொலர் அளவில் வந்தது. அதை வங்கியிலிருந்து எடுத்து, ஒரு கடித உறையில் வைத்து, தாயின் கையில் கொடுத்தான். அவனுக்கு அப்படிச் செய்யும்படி ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் அதை வாங்கி அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். “உன்ரை காசு எங்களுக்கு வேண்டாம். நீ படிச்சால் போதும்” என்றேன். அதைப் பெருமையாகவே சொன்னேன். அடுத்த ஆண்டு தவணைப் பணத்தில் அவனுக்கொரு கார் வாங்கினேன். அதற்காக இரவு வேலையில் மேலதிக நேரம் நின்றதை அவனுக்குச் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வீட்டின் வெப்பமூட்டி பழுதாகி, கடன்பட்டுப் புதியது பூட்டினோம். அதையும் சொல்லவில்லை. அதே மாதத்தில் அவன் புதுக் கைபேசி கேட்டான். எனக்குக் கோபம் வந்தது, கடுமையாகப் பேசிவிட்டேன். சில ஆண்டுகளின் பின் பேச்சுவாக்கில் அக்கடனைப் பற்றி அறிந்தபோது அவன், “எனக்குச் சொல்லியிருக்கலாமே, அப்பா” என்றான்.

அவன் கேட்டது நியாயம். கணக்கை மூடி வைத்தவன் நான். பெட்டகத்தைத் திறந்து அவனுக்கு எடுத்துக் கொடுத்த அதே கையால், அவன் தன் பங்கை இட வந்தபோது மூடியையும் சாத்திவிட்டேன். என் தகப்பனார் சைக்கிளோடு சாக்கையும் கயிற்றையும் தந்தார். நான் என் மகனுக்குத் திறப்பை மட்டுமே கொடுத்தேன்.

எனவே, உழைக்காத பிள்ளைக்கு விலையுயர்ந்த பொருள் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கொடுக்கலாம் என்றே நான் விடையளிப்பேன். எம் தலைமுறை பெற்ற இலவசக் கல்வியும், 1945இன் பின் உழைக்காமற் கிடைத்த கொடைதான்; உலகில் எந்தப் பிள்ளையும் முதலிற் பெற்றுத்தான் பின்னர் உழைக்கின்றது. ஆனால், கொடுக்கும்போது அதன் விலையையும், அவ்விலை வந்த வழியையும் சொல்லிக் கொடுங்கள். வீட்டு வாடகை அல்லது வீட்டுக்கடன் எவ்வளவு, ஊருக்கு அனுப்புவது எவ்வளவு என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளை அறிவதால் அதன் படிப்புக் கெட்டுவிடாது. கார் கொடுத்தால், அம்மம்மாவை வைத்தியரிடம் கூட்டிச்செல்லும் பொறுப்பையும் அதனோடு கொடுங்கள். தன் உழைப்பில் ஒரு சிறு பங்கைப் பிள்ளை நீட்டினால், உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்மிற் பலரது முதுசொக் காணிகள் போரில் அழிந்தன. சிலவற்றின் உறுதிகள் மட்டுமே கையில் எஞ்சியுள்ளன. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல இங்கே நாம் தேடிய தேட்டமே உண்டு. அதில் தமக்கும் ஒரு கை உண்டென்று அவர்கள் உணர்வார்களாயின், அது அவர்கள் காலத்தில் முதுசொமாகும். என் மகன் இப்போது வேலை பார்க்கின்றான். சென்ற தைப்பொங்கலுக்கு மீண்டும் ஒரு கடித உறையைத் தாயிடம் கொடுத்தான். இம்முறை நான் வாய் திறக்கவில்லை.